தங்கை வீட்டுக் குளத்துக்கு ராஜா போன கதை

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்கு மேல் என் கையில் இருந்தது ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கத்திதான், பேனா இல்லை. மறதி வேறு. அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் யாரோ பருப்பைத் தீய விடுகிறார்கள் என்று திட்டுகிற ஆள் நான். முன்னால் நடந்தது பின்னால் வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

என் வீடு சுங்கை சிப்புட் டவுனுக்கு வெளியே இருக்கிறது. நாங்கள் பால் வெட்டிய தோட்டத்தில் இப்போது எண்ணெய்க்காக நட்ட செம்பனை நிற்கிறது. வீட்டுக்குப் பின்னால், நடந்து போகிற தூரத்தில், மண்ணைத் தோண்டி ஈயம் எடுத்துவிட்டு அப்படியே விட்டுப் போன ஒரு பெரிய குட்டை. அதில் ராஜா என்று ஒரு மீன் கிடக்கிறது. பொன் நிறம், உடம்பில் கறுப்புப் பட்டை, வாலில் கண் போல ஒரு வட்டம். நம் ஊர் மீன் இல்லை. ஏதோ கடல் தாண்டிய சூட்டுத் தேசத்து ஆற்று மீனாம். தூண்டில்காரர்களுக்காக யாரோ கொண்டுவந்து போட்டார்களாம். யார் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். தூண்டிலில் மாட்டினால் அது எருமை மாதிரி இழுக்கும். அந்த இழுப்புக்காகத்தான் ஈப்போவிலிருந்து ஆட்கள் மோட்டார் சைக்கிளில் வந்து வெயிலில் காய்வார்கள்.

அப்படி வருகிறவர்களில் ஒருவன் என் தங்கை மகன். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று, கல்யாணம் கட்டவில்லை. ஈப்போவில் புந்தோங் பக்கம் ஒரு அறை எடுத்துக்கொண்டு தொழிற்சாலை வேலைக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் விடியும்போதே குட்டைக்கு வந்துவிடுவான். மத்தியானம் என் வீட்டில் சாப்பாடு, அப்புறம் என் நாற்காலியில் குறட்டை. பிடித்த மீனைக் கொண்டுவர மாட்டான். கையில் பிடித்துப் படம் எடுத்து, நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்து, தண்ணீரிலேயே விட்டுவிடுவான். மீனுக்கு வாராவாரம் முத்தம் கொடுக்கிறவன் பெற்றவளுக்கு மாதம் ஒரு போன் போட மாட்டான்.

பெற்றவள் மலைமேல் இருக்கிறாள். அடிவாரத்தில் தாப்பாவிலிருந்து ஏறுகிற பாதையில், தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கம். புருசன் போன பிறகும் அவள் இறங்கி வரவில்லை. ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், அவருடைய காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோஸ் அடுக்குகிற வேலை. அவருடைய குளத்து ஓரத்திலேயே வீடு.

"ஏன்யா அம்மாவப் போயிப் பாக்க மாட்டேங்கிற?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"போனா அங்க ரெண்டே விசயந்தான் லா பெரிம்மா. ஒண்ணு குளிரு, இன்னொண்ணு கல்யாணம். குளிருக்காச்சும் போர்வ இருக்கு."

இதை நான் தங்கையிடம் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சரியாக அவன் என் வீட்டில் சோறு தின்கிற நேரத்துக்குத்தான் அவள் போன் வரும்.

"என்ன ஆக்கியிருக்க?"

"பருப்பும் கருவாட்டு சம்பாலும்."

"என் மகன சோத்தப் போட்டுப் புடிச்சி வச்சிருக்க, என்னா?"

"அடிப் போடி. அவன் எனக்காகவா வாரான்? பின்னால குட்ட இருக்கு, மீனு இருக்கு. எனக்குப் பதிலா இங்க ஒரு கழுத இருந்தாலும் சோறு போட்டா வருவான்."

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்புறம் சொன்னாள்: "அப்ப அந்த மீன இங்க கொண்டாந்து போட்டா இங்க வருவான்ல?"

மகனுக்காக அவள் அம்மன் கோயிலிலும் விளக்குப் போட்டுவிட்டாள், மாதா கோயிலிலும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டாள். எந்தப் பக்கம் லைன் கிடைக்கிறதோ கிடைக்கட்டும் என்று. இரண்டு பக்கமும் கிடைக்காததால் இப்போது மீனிடம் வந்திருந்தாள். அவளுக்கு இந்த யோசனை வந்ததற்குத் தவுக்கேதான் காரணம். வெள்ளைக்காரன் காலத்தில் துரைமார்கள் தங்கள் குளிர் தேசத்து மீனைக் கொண்டுவந்து மலை ஆற்றில் விட்டார்களாம், லீவு நாளில் தூண்டில் போட்டு விளையாட. தவுக்கேயின் தாத்தா சொன்னாராம். உண்மையா என்று எனக்குத் தெரியாது.

"தொர அவன் வெளையாட்டுக்குப் போட்டான். நான் எம் மகன் வாரதுக்குப் போடுறேன். என்னா தப்பு?" என்றாள்.

"அது குளிரு மீனு, குளிருல விட்டான். இது சூட்டு மீனுடி."

"நானும் சூட்டு ஊர்ல பொறந்தவதான். கல்யாணம் கட்டி மேல கொண்டாந்து விட்டாங்க. செத்தா போயிட்டேன்?"

சரி, மீனுக்கு நான் பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அடுத்த ஞாயிறு நான் அவனிடம் கேட்டேன். வாயில் வார்த்தை வருவதற்குள் தட்டில் மூன்று தடவை குழம்பு ஊற்றிவிட்டேன்.

"தம்பி, ஒரு நாலு ராஜா உசிரோட வேணும்யா."

"கறிக்கா? உசிரோட எதுக்கு?"

"இல்லய்யா. சும்மா வளக்க."

"எங்க, பாத்ரூம்லயா?"

அவன் கேலியாகத்தான் கேட்டான். ஆனால் அங்கேதான் வளர்த்தேன். குளியலறையில் மழைத் தண்ணீர் பிடித்து வைக்கிற சிமெண்டுத் தொட்டி ஒன்று இருக்கிறது. சாயங்காலத்துக்குள் நாலு மீனைக் கொண்டுவந்து அதில் விட்டான். மூன்று முழங்கை நீளம், ஒன்று குட்டி. பெரியம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பான். காட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றுக்கும் முத்தம் கொடுத்துத்தான் விட்டான்.

பக்கத்து வீட்டுத் தம்பியின் லோரி மலைக்குப் போவது செவ்வாய்க்கிழமைதான். அதுவரைக்கும் நான் எங்கே குளிப்பது? கதவைச் சாத்திக்கொண்டு திரும்பினால் தொட்டிக்குள் நாலு மீன், முகத்தில் எட்டுக் கண், வாலில் நாலு கண். எல்லாம் என்னையே பார்த்தன. என் புருசனுக்கு முன்னாலேயே நான் விளக்கை அணைத்துவிட்டுத்தான் சேலை மாற்றுவேன். சரோங்கை மாரில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தொட்டிக்கு முதுகைக் காட்டி, கையை மட்டும் பின்னால் விட்டுத் தண்ணீர் மொண்டு ஊற்றிக் குளித்தேன். குவளைக்குள் குட்டி மீன் வந்துவிட்டது. அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டேன். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு லோரித் தம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கா, பாம்பா?" என்று கத்தினார்.

"ராஜா!" என்று உள்ளிருந்து கத்தினேன்.

அவர் அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டாரோ, அதற்கு மேல் கேட்கவில்லை. குட்டி பிழைக்கவில்லை. அதை மிளகு போட்டுப் பொரித்தேன். உண்மையைச் சொன்னால், முத்தம் கொடுத்து விட்டுவிடுகிற ருசி இல்லை அது.

அந்த லோரித் தம்பிதான் மலையிலிருந்து காய்கறி இறக்குகிறவர். போகும்போது லோரி காலி. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் நீல டிரம்மில் மீனோடு தண்ணீரை ஊற்றி, பேட்டரியில் ஓடுகிற காற்றுக் குழாய் ஒன்றைப் போட்டு, முன் சீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். பின்னால் வைத்தால் குலுங்குமாம். நான் டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஈப்போ தாண்டியதும் வாயைத் திறந்தார்.

"அக்கா, நான் இருவது வருசமா மேலருந்து கோஸு, தக்காளி, கீரை எல்லாம் கீழ எறக்கியிருக்கேன். கீழருந்து மேல மீன ஏத்துறது இன்னிக்கித்தான்."

"எந் தங்கச்சிக்கு ஆசை, தம்பி."

"திங்கவா?"

"மகனப் புடிக்க."

அதற்கப்புறம் தாப்பா வரைக்கும் நான் அவருக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். வெளி ஆளிடம் நான் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். தாப்பாவில் நிறுத்தி அவர் கோப்பி குடித்தார். மீனுக்குத் திடீரென்று குளிர் அடிக்கக் கூடாது என்று நாங்கள் ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். போகப் போக, வழியில் விழுகிற அருவித் தண்ணீரில் ஒவ்வொரு வாளி பிடித்து டிரம்மில் ஊற்றுவது. புதுப் பெண்ணை மாமியார் வீட்டுக்குப் பழக்குவது மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக.

ஏற்றத்தில் வளைவு தொடங்கியதும் எனக்குத் தலை சுற்றியது. அந்தப் பாதையில் எனக்கு எப்போதும் அப்படித்தான். அசாம் பொய் என்கிற உப்பும் புளிப்புமான காய்ந்த பழத்தை வாயில் அடக்கிக்கொண்டால்தான் வாந்தி நிற்கும். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு டிரம்முக்குள் எட்டிப் பார்த்தேன். மீன்களும் வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன.

"தம்பி, இதுங்களுக்கும் தல சுத்துது போல."

லோரித் தம்பி ஒரு கையால் வண்டியை வளைத்துக்கொண்டே இன்னொரு கையால் என் பொட்டலத்திலிருந்து நாலைந்து பழத்தை அள்ளி டிரம்முக்குள் போட்டார். "மனுசனுக்குக் கேக்குறது மீனுக்குக் கேக்காதா?" என்றார். தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது. எனக்குப் பயம். ஆனால் மீன்கள் கொஞ்சம் அடங்கின. பின்னால் தங்கை மகனிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மீனைத் தூக்கிப் போகும்போது தண்ணீரில் உப்புப் போடுவதுதான் முறை, இந்தப் பழத்தில் உப்பு இருக்கிறதே என்றான். அன்றிலிருந்து லோரித் தம்பி மீன் வைத்தியர் ஆகிவிட்டார். யார் வீட்டு மீன் தொட்டியில் எது செத்தாலும் "அசாம் பொய் போட்டியா?" என்று கேட்கிறார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது மூன்றில் இரண்டுதான் நீந்தின. ஒன்று மல்லாந்துவிட்டது. தங்கை ஸ்வெட்டர் போட்டு, தலையில் கம்பளித் தொப்பி மாட்டிக்கொண்டு குளத்து ஓரத்தில் நின்றாள். தவுக்கே பக்கத்தில் வேடிக்கை பார்த்தார். தண்ணீரில் கை வைத்தேன், விரல் மரத்தது. இரண்டையும் மெதுவாகச் சாய்த்து விட்டோம். நீந்திப் போகும் என்று பார்த்தால் கல் மாதிரி அடியில் இறங்கின. வாலில் இருந்த கண் கடைசியாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

"கோவமா இருக்குது," என்றாள் தங்கை. "நானும் கல்யாணமாயி வந்த மொத வாரம் இப்பிடித்தான் போர்வைக்குள்ளயே கெடந்தேன்."

பிறகு என் முன்னாலேயே மகனுக்குப் போன் போட்டாள். அவன் எடுத்ததே அதிசயம்.

"டேய், நம்ம கொளத்துல ராஜா இருக்கு."

"எந்த ராஜா?"

"உன் ராஜாதாண்டா. வால்ல கண்ணு வச்சது."

அவன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "பெரிம்மாவா? பாத்ரூமுல வளக்கன்னு வாங்கினாங்களே! ம்மா, அது குளிரு தாங்காதும்மா, செத்துரும். கண்ட எடத்துல அத விடவும் கூடாது, கூட இருக்குற மீனயெல்லாம் முழுங்கிடும்."

"இங்க கூட யாரு இருக்கா? நான் ஒருத்திதான் இருக்கேன். என்னய முழுங்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அந்த ஞாயிறு நான் வழக்கம்போல அவனுக்கும் சேர்த்து உலை வைத்தேன். பத்து மணிக்குத் தாப்பாவிலிருந்து போன் வந்தது. "பெரிம்மா, மேல போயிட்டு வாரேன். செத்துருச்சான்னு பாத்துட்டு வந்துருறேன்." அவன் குரலுக்குப் பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. அந்தச் சோற்றைப் பூனைக்கு வைத்தேன்.

செத்ததா இல்லையா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. நாள் முழுக்கத் தூண்டில் போட்டும் ஒன்றும் கடிக்கவில்லை. அவன் கிளம்பும் நேரத்துக்குத் தங்கை, "நீ கக்கூசுக்குப் போனியே, அப்பதான் மேல வந்துச்சு. இவ்ளோ பெருசு," என்று இரண்டு கையையும் விரித்தாளாம். அடுத்த வாரமும் போனான். அதற்கடுத்த வாரம் மழை, போகவில்லை. அதற்குப் பிறகு மறுபடி போனான். இப்படியே நாலைந்து மாதம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை சோறு மிஞ்சுகிறது, பூனைக்கு வயிறு தரையைத் தொடுகிறது. பொறாமையா என்று கேட்டால், ஆமாம், கொஞ்சம். அவன் குறட்டை விடாத நாற்காலியில் நான் உட்கார்ந்து பார்த்தேன். முதுகு வலிக்கிறது.

ஒரு தடவை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனான். சனிக்கிழமையே போய்த் தங்கினோம். அவன் அங்கே ராத்தங்குகிறான் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். ஒழுகிக்கொண்டிருந்த கூரைத் தகரத்தை மாற்றியிருந்தான். அவனுக்கென்று ஒரு ஸ்வெட்டரும் ஆணியில் தொங்கியது. காலையில் எழுந்து பார்க்கிறேன், தங்கை ஒரு பெரிய கெண்டியில் வெந்நீர் காய்ச்சித் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போகிறாள்.

"எங்கடி போற?"

"அதுக்குக் குளிருமில்ல."

அவ்வளவு பெரிய குளத்தில் ஒரு கெண்டி வெந்நீர். ஊற்றினாள். கொஞ்சம் ஆவி வந்தது. அப்புறம் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, முந்தின ராத்திரி மிஞ்சிய இறால் சம்பாலைப் போட்டாள். காரம் உள்ளே போனால் உடம்பு சூடாகுமாம்.

அவன் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூண்டிலோடு உட்கார்ந்திருந்தான். "ம்மா, இது கொளமா, புள்ள பெத்தவ ரூமா? அடுத்தாப்புல பூண்டுக் கொழம்பு வைப்பியா?"

"ஒனக்கு ஒரு புள்ள பொறந்தா வைப்பேன். அதுக்கு மொதல்ல பொண்டாட்டி வேணும்."

"ஆரம்பிச்சாச்சு," என்று என்னைப் பார்த்தான். ஆனால் எழுந்து போகவில்லை.

தவுக்கே குளத்தில் ஒரு குழாய் போட்டிருக்கிறார், பம்பு வைத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க. எட்டு மணி வாக்கில் பம்பு டுக்டுக்கென்று ஓட ஆரம்பித்தது. உடனே அவன் தூண்டிலின் மிதப்பு மெல்ல நகர்ந்து, குழாய் வாய் இருந்த பக்கமாகப் போய், சட்டென்று முங்கியது.

"பெரிம்மா! இழுக்குது! பாருங்க, இழுக்குது!" என்று துள்ளி எழுந்தான். சுண்டி இழுத்தான். நூல் வெறுமையாக வந்தது. "விட்டுட்டேன். ச்சே. பெருசு லா."

"நாந்தான் சொன்னேன்ல," என்றாள் தங்கை. அவள் முகம் திருநீறு பூசின மாதிரி அப்படி ஒரு பக்தியாக இருந்தது.

பிறகு நான் முட்டைக்கோஸ் கழுவப் போனபோது தவுக்கே தங்கையிடம் கேட்டார்: "தங்காச்சி, அடுத்த ஞாயிறும் பம்பு போடணுமா? மழ பேஞ்சிருக்கு லா, செடிக்குத் தண்ணி வேணாம்." தங்கை என்னைப் பார்த்தாள். நான் முட்டைக்கோஸைப் பார்த்தேன். "போடுங்க தவுக்கே, எட்டு மணிக்கி," என்றாள்.

இதை நான் இங்கே எழுதுவது அவனுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயமில்லை. அவன் படித்தது மலாய்ப் பள்ளிக்கூடம், தமிழில் கடைப் பலகை கூடப் படிக்க மாட்டான். இன்னொன்றும் உண்டு. எனக்கு வலது காது மந்தம். எனக்கே அந்தப் பம்புச் சத்தம் நன்றாகக் கேட்டது. அவனுக்கு இரண்டு காதும் சரியாக இருக்கிறது. இருபது வருசம் தூண்டில் போட்டவன், மீன் இழுப்பதற்கும் குழாய் இழுப்பதற்கும் வித்தியாசம் தெரியாதவனா? திரும்பி வருகிற வழியில் கேட்டுப் பார்த்தேன்.

"ஏன்யா, அது நெசமா மீனுதானா?"

வளைவைத் தாண்டும் வரைக்கும் ரோட்டையே பார்த்தான். "பெருசு பெரிம்மா," என்றான். பிறகு அசாம் பொய் பொட்டலத்தை எடுத்து என் மடியில் போட்டான்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். விசயம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துக் கொடுத்தால் நல்லது. அந்த மீன் எந்தத் தேசத்து மீன், துரைமார் மலை ஆற்றில் மீன் விட்டது உண்மையா, மிதப்பு என்று நான் எழுதியதற்கு வேறு சொல் இருக்கிறதா, நாங்கள் போனது செவ்வாய்க்கிழமைதானா என்று லோரித் தம்பியிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தப்பு இருந்தால் அடித்துத் திருத்துங்கள், எனக்கு வருத்தமில்லை. குளத்தை மட்டும் யாரும் இறைத்துப் பார்க்க வேண்டாம்.